கோடிட்ட இடம்

“மி எஸ்போசோ சே யாமா...”

என் கணவர் பெயர்.

அந்த இடத்தில் நின்றுவிட்டாள்.

செல்போன் திரையில் சம்பந்தியம்மாள் காத்திருந்தாள். பெரு நாட்டில் அப்போது ஞாயிறு காலை எட்டு மணி. சங்கரன்கோவிலில் மாலை ஆறரை.

இதுவரை எல்லாம் நன்றாகத்தான் போனது. தன் பெயரைச் சொன்னாள். ஊரைச் சொன்னாள். வயது அறுபத்தொன்று என்று, ஒன்றுகூடக் குறைக்காமல் சொன்னாள். ஒவ்வொன்றுக்கும் அந்த அம்மாள் கைதட்டாத குறை.

ஆறு மாதப் படிப்பு. மத்தியானம் பாத்திரம் கழுவிக் கவிழ்த்துவிட்டு, போனில் ஸ்பானிஷ் பேசும் பெண் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொன்னாள். மகனுடைய பழைய நோட்டில் எல்லாவற்றையும் தமிழ் எழுத்தில் எழுதி வைத்தாள்.

காரணம், பெரு நாட்டுப் பெண்ணைக் கட்டிக்கொண்டு அங்கேயே இருக்கும் அந்த மகன்தான்.

கல்யாணம் ஆன நாளிலிருந்து நடுவில் நின்று மொழிபெயர்ப்பது அவன் வேலை. அந்த அம்மாள் இரண்டு நிமிடம் கண்கலங்கப் பேசி முடிப்பாள். “நல்லா இருக்கீங்களான்னு கேக்காங்கம்மா” என்பான்.

பெண்ணைக் கொடுத்தவள் அழுதுகொண்டே அவ்வளவுதானா கேட்பாள்?

சம்பந்தியிடம் நேருக்கு நேர் நாலு வார்த்தை பேசியே தீருவது என்று அன்றைக்கே அவளுக்கு வைராக்கியம் வந்துவிட்டது. இன்று மகனும் மருமகளும் பக்கத்தில் வரக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்.

எல்லா வரியும் தயார். இந்த ஒரு வரியில் மட்டும், பெயர் வரும் இடத்தில், நோட்டில் ஒரு கோடு போட்டு விட்டிருந்தாள்.

முப்பத்தெட்டு வருடமாக அவர் பெயரை அவள் சொன்னதில்லை.

ரேஷன் கடையில் கார்டை நீட்டுவாள். ஆஸ்பத்திரியில், “நம்மூரு அம்மன் பேரோட நாயகத்தச் சேத்து எழுதிக்கிடுங்க” என்பாள். புருஷன் பெயரைச் சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்று அவளுடைய அம்மா சொல்லி அனுப்பியது. அம்மா போய் இருபது வருடம் ஆகிறது. பயம் போகவில்லை.

பெருவில் போய் நம்மூர் அம்மன் என்றால் யாருக்கு விளங்கும்?

அவர் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தார். வீட்டுக்குள் இஸ்திரி போட்ட சட்டை. எந்த வார்த்தையில் சிக்கி நிற்கிறாள் என்று அவருக்கு எப்படித் தெரியும்? திரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

சம்பந்தியம்மாளின் முகத்தில் சிரிப்பு குறைந்தது. மாப்பிள்ளையைக் கூப்பிடலாமா என்பதுபோல் பக்கத்து அறைப் பக்கம் தலையைத் திருப்பினாள்.

அவன் வந்துவிட்டால் போச்சு. ஆறு மாதமும் ஆற்றில் கரைத்த புளி.

அம்மா, பொறுத்துக்கோ என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள்.

“கோமதிநாயகம்.”

சத்தம் கொஞ்சம் கூடிவிட்டது.

அவர் விருட்டென்று எழுந்து நின்றார். ஏன் எழுந்தார் என்று அவருக்கே தெரியவில்லை. சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். உட்கார மறந்துவிட்டார்.

“கோமாதி... நாயா...” என்று அந்த அம்மாள் திணறினாள்.

அவள் திருத்தினாள். முதலில் மெதுவாக. பிறகு இரண்டாகப் பிரித்து. பிறகு சேர்த்து ஒருமுறை.

அதற்கப்புறம் இருவரும் அரைமணி நேரம் பேசினார்கள். பாதி விளங்கவில்லை. மகனை யாரும் கூப்பிடவில்லை. அந்த அம்மாள் நடுவில் ஒருமுறை கண்ணைத் துடைத்தபோது, எதற்கு என்று அவளுக்குப் புரிந்தது. அவளும் துடைத்துக்கொண்டாள். இத்தனை சந்தோஷமாக அவள் இருந்து நாளாகிவிட்டது.

மறுநாள் மத்தியானம் பாத்திரம் கழுவிவிட்டுத் திரும்பினால், அடுக்களை வாசலில் அவர் நிற்கிறார். சாப்பிட்ட கையோடு படுத்துவிடுகிற மனிதர்.

“இன்னைக்குப் படிக்கலியா?” என்றார்.

“நேத்தோட அந்தப் பாடம் முடிஞ்சிட்டு. இனிமே புதுசு.”

அவர் நகரவில்லை. கதவு நிலையில் இல்லாத தூசியைத் துடைத்தார்.

“பழசையும் ஒருக்கச் சொல்லிப் பாரு. மறந்துரும்லா.”