பொதுக்கோப்பு

"மூண்டு புரோகிராமும் ஒரே நாளில எப்பிடிப் பிள்ளை இழுபட்டு மெதுவா ஓடும்?" என்று கேட்டபடி ராஜினியின் கதிரைக்குப் பின்னால் வந்து நின்றார் பொறுப்பாளர் தவராசா.

வவுனியாவில் இடம்பெயர்ந்து வருபவர்களைப் பதியும் அலுவலகம் அது. நிவாரணத்துக்கு ஒன்று, கிளினிக்குக்கு ஒன்று, பள்ளிக்கூடத்துக்கு ஒன்று என்று மூன்று கணினிப் புரோகிராம்களையும் எழுதியவள் ராஜினிதான். பெயர் தேடும் வேலை மூன்றுக்கும் பொது என்பதால் அதை மட்டும் ஒரே கோப்பில் வைத்து, மூன்றையும் அதிலிருந்து எடுக்க விட்டிருந்தாள்.

"பொதுக்கோப்பில ஒரு வரி கூட்டினனான் சேர். அதில கைவைச்சா மூண்டையும் பாதிக்கும்."

"ஆரைக் கேட்டுச் செய்தனீர்? உடன அதை அழிச்சுப்போடும்!"

"வாசிச்சுப்போட்டுச் சொல்லுங்கோ சேர், அழிக்கிறன்."

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். எந்தப் புரோகிராமைத் திறந்தாலும் பட்டியல் முழுவதும் துழாவி ஒரு பெயரைத் தேடச் சொன்னது அந்த வரி.

பிரேமிளா தவராசா.

நாலு வருசத்துக்கு முன் மலையகப் பெடியன் ஒருவனைக் கட்டிக்கொண்டு, இப்போது சண்டை நடக்கும் பக்கம் போன மகள். அன்றிலிருந்து, தனக்குப் பிள்ளையே இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தவர் அவர்.

"இது பிழை பிள்ளை," என்றார் கடைசியில்.

"அழிக்கட்டே சேர்?"

"வேண்டாம். இந்தப் பேரில தேடினா அவள் ஆப்பிடமாட்டாள். கலியாணம் முடிச்சவள் புருசன்ர பேரைத்தானே குடுப்பாள்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பிரேமிளா ராசு எண்டு மாத்தும்."