மூடியின் பூர்வீகம்

"லிட்டுங்கிற வார்த்தையோட பூர்வீகம் உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார் நடுநாற்காலியில் இருந்த வழுக்கைத்தலைக்காரர்.

எதிரே உட்கார்ந்திருந்த பாட்டில்காரருக்கு வயிற்றில் பால் வார்த்தது போல் இருந்தது. இந்தக் கேள்விக்காகத்தானே ஒரு மாதமாக உருப்போட்டார்.

மருந்துக் கம்பெனியில் பதினாறு வருஷம் காலி பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து விரிசல் பார்த்தவர். அதற்கு மெஷின் வந்ததும் வேலை போய், எட்டு மாதமாக வீட்டில். இந்தத் தொழிற்சாலையில் மூடி மட்டும்தான் செய்கிறார்கள்; பாட்டிலும் கிடையாது, டப்பாவும் கிடையாது. காலியாக இருந்தது ஒரே ஒரு மேற்பார்வையாளர் வேலை. முதலாளி ஒரு மாதிரி என்று கேள்விப்படாதவர் இல்லை. நேர்காணலில் மெஷினைப் பற்றி மூச்சுவிட மாட்டாராம். மூடிக்கு இங்கிலீஷில் சொல்லும் லிட் என்ற வார்த்தையின் வரலாறு தெரியாதவன் மூடியைத் தொடக்கூடாது என்பது அவர் கட்சி.

"இதுவும் கைநழுவிப் போச்சுன்னா என் தம்பிகிட்ட போய்த்தான் நிக்கணும்" என்று மனைவி சொல்லியிருந்தாள். மச்சான் முன்னால் கைகட்டி நிற்பதை நினைத்தாலே பாட்டில்காரருக்கு உடம்பு கூசியது. அவளுக்கும் அப்படித்தான். அதனால்தான் தினமும் சமைக்கும்போது சட்டிமூடியைக் கையில் பிடித்துக்கொண்டு அவரைக் கேள்வி கேட்டாள்.

காவலாளி கைகாட்டிய அறையில் ஒரு நீள மேஜை. அந்தப் பக்கம், ஃபேனுக்கு நேர் கீழே, மூன்று பேர்: வழுக்கைத்தலைக்காரர், கண்ணாடி போட்ட அம்மாள், டை கட்டிய ஒல்லி மனிதர். இந்தப் பக்கம் ஒற்றை நாற்காலி. அதில்தான் இவர் வேர்த்துக் கொட்ட உட்கார்ந்திருந்தார்.

"பழைய இங்கிலீஷ்ல அதுக்கு முன்னாடி ஒரு ஹெச் இருந்துச்சு சார். ஹ்லிட். பானையை மூடுறதும் ஹ்லிட்தான், வாசல் கதவும் ஹ்லிட்தான்."

ஒல்லி மனிதர் பரபரவென்று எழுதினார். "கொஞ்சம் மெதுவா சொல்லுங்க சார்."

தன்னைப் போய் சார் என்கிறார்களே என்று பாட்டில்காரர் உருகிப்போனார். பழைய கம்பெனியில் பதினாறு வருஷமும் 'ஏய் பாட்டில்' தான்.

கண்ணிமையைக் குறிப்பதும் அதே சொல்தானா என்று அம்மாள் கேட்டாள். அதேதான் என்றார். இங்கிலீஷ் பேச்சுவழக்கில் தலையில் போடும் தொப்பியையும் அப்படிச் சொல்வார்கள் என்றார். வேரைத் தோண்டிக்கொண்டே போனால் சாய்வது என்ற அர்த்தத்தில் போய் முட்டும் என்றார்.

"சாயறதுக்கும் மூடறதுக்கும் என்னங்க சம்பந்தம்?" அம்மாள் விடவில்லை.

"நாம கதவைச் சாத்தறோம். ஏணியையும் சுவத்துல சாத்தி வைக்கறோம். ரெண்டுக்கும் ஒரே வார்த்தைதானேம்மா? அவங்களுக்கும் அப்படித்தான் தோணியிருக்கும்."

இது எந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்று வழுக்கைத்தலைக்காரர் கேட்டார். எந்தப் புத்தகத்திலும் இல்லை, வீட்டுக்காரி யோசித்துச் சொன்னது என்றார் பாட்டில்காரர். அம்மாள் அதை எழுதி, கீழே இரண்டு கோடு போட்டாள்.

வேறு ஏதாவது உண்டா என்று கேட்டார்கள். அரை மணி நேரம், தெரிந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் கொட்டித் தீர்த்தார். முடிந்ததும் வழுக்கைத்தலைக்காரர் எழுந்து வந்து இரண்டு கையாலும் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ரொம்ப உபகாரம் சார். இது போதும்."

பாட்டில்காரர் வராந்தாவுக்கு ஓடி வந்து மனைவிக்குப் போன் போட்டார். "வேலை கிடைச்ச மாதிரிதான். நீ சொன்ன ஏணிக்கு ரெண்டு கோடு போட்டாங்க தெரியுமா?" அவள் அழுதேவிட்டாள். மச்சானை அந்த நிமிஷமே மன்னித்துவிட்டார்.

போனை வைத்தபோது ஆபீஸ் கிளார்க் மூச்சுவாங்க வந்தார்.

"மன்னிச்சுக்கங்க சார், முதலாளி வண்டி வழியில நின்னுபோச்சு, இப்பத்தான் வந்தார். ஃபேனுக்கு அடியில உட்கார்ந்திருக்காங்களே அந்த மூணு பேர், அவங்க இதே வேலைக்கு உங்களுக்கு முன்னாடியே வந்து காத்திருக்காங்க; அவங்களைக் கேட்டு முடிச்சதும் உங்களைக் கூப்பிடறோம்."