முன்னால் இருந்தவர்

"வரிசையில யார் அழுறாங்கன்னு இந்த மெஷினுக்குத் தெரியுமாம்மா?" பல்கலைக்கழகக் கணினி மையத்துக்கு வந்திருந்தபோது ரெஜினாவின் மகள் ஒருமுறை கேட்டாள். அங்கே வேலை பார்க்கும் அவள் அன்று சிரித்துவிட்டாள்.

இப்போது குளிர்சாதனம் பழுதாகி, ஒரே ஒரு கணினிதான் ஓடுகிறது. அதன் வரிசையில் அடுத்துக் காத்திருப்பது ஆய்வு மாணவி தமிழரசியின் புள்ளிவிவரக் கணக்கு. நாளை ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் அவளுடைய பதிவு ரத்தாகிவிடும்.

"மேடம், என்னை மட்டும் முன்னாடி தள்ள முடியாதா?"

"வரிசையை மாத்த எனக்கு அதிகாரமில்லம்மா. போய்ச் சாப்பிட்டு வா."

"சாப்பாடு எங்க மேடம் இறங்குது?" என்றவள் வெளியே படியில் போய் உட்கார்ந்தாள்.

ஓடிக்கொண்டிருந்தது ரெஜினாவின் சொந்த ஆய்வுக் கணக்கு. முடிய இன்னும் ஒரு வாரம் ஆகும். நிறுத்தினால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

மாணவியாக இருந்தபோது அவளும் அதே படியில் அழுதிருக்கிறாள். அன்று அவளுக்கு முன்னால் ஓடிய கணக்கு பாதியில் நின்று, அவளுடையது தொடங்கியது. விலகியவர் யாரென்று இன்றுவரை தெரியாது. பெயரில்லாமலே அவருக்காக ஜெபித்து வருகிறாள்.

அறையில் வேறு யாருமில்லை. ரெஜினா சிலுவைக் குறி இட்டுக்கொண்டு தன் கணக்கை நிறுத்தினாள். திரையில் தமிழரசியின் பெயர் மெல்ல மேலே ஏறியது.