சமையல் வாயுவுக்கு மணம் உண்டா?

"காஸுக்கு என்ன வாசனைப்பா?"

அடுப்புக்குப் பக்கத்தில், மேடையில் ஏறி உட்கார்ந்திருந்த மகள் கேட்டாள்.

அவன் முதுகைத் திருப்பிக்கொண்டு அவளுடைய சாப்பாட்டு டப்பாவுக்குக் கேரட் நறுக்கிக்கொண்டிருந்தான். இன்றைய முதல் கேள்வி. நேற்று, வெங்காயம் ஏன் அழவைக்கிறது. அதற்கு முன்தினம், மீன் தூங்குமா.

பேருந்து ஓட்டுநர் அவன். ஒரு நடைக்கும் அடுத்த நடைக்கும் நடுவில் செய்தித்தாளின் கேள்வி–பதில் பக்கத்தைக் கரைத்துக் குடித்துவிட்டுத்தான் வீடு திரும்புவான். விஞ்ஞானியும் வாலும் என்று மனைவி இருவருக்கும் பேர் வைத்திருந்தாள்.

"அதுக்குன்னு சொந்த வாசனை கிடையாதுடா. கசிஞ்சா நமக்குத் தெரியணும்ல? அதுக்காகவே நாத்தம் புடிச்ச ஒண்ணைக் கலந்து அனுப்புறாங்க. அழுகின முட்டை மாதிரி இருக்கும்."

"இந்த மாதிரியா?" அவள் மூக்கை உறிஞ்சிக் காட்டினாள்.

அவனும் உறிஞ்சினான். "இதே மாதிரிதான்."

திரும்பினான். பால் பாத்திரத்துக்கு அடியில் தீ இல்லை. காற்றில் அணைந்திருக்கும்.

லைட்டரை எடுத்தான்.

"ஐயோ, கையை எடுங்க!"

ஈரத்தலையோடு குளியலறையிலிருந்து ஓடிவந்த மனைவி லைட்டரைப் பிடுங்கினாள். அடுப்பை மூடினாள், சிலிண்டரை மூடினாள், மற்ற ஜன்னல் கதவுகளையும் தள்ளித் திறந்தாள். மகளை இடுப்பில் அள்ளிக்கொண்டு வாசலுக்கு வந்தபிறகுதான் மூச்சுவிட்டாள்.

மகளுக்கு ஒரே குஷி. "அப்பா கரெக்டா சொன்னாரும்மா. அழுகின முட்டையேதான்!"

அவன் மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டான். யார் எதை முகரச் சொன்னாலும் தலையாட்டிவிடுவது அவனுக்குப் பழக்கமாகிப்போயிருந்தது. பிள்ளை கேட்டது கேள்வி இல்லை, எச்சரிக்கை. அதற்கும் தலையாட்டியிருக்கிறான்.

மறைத்ததால் யாருக்கும் கெடுதல் வரும் என்று இதுவரை அவனுக்குத் தோன்றியதே இல்லை.

"உங்களுக்கு வாசனையே தெரியலையா?" மனைவி கேட்டாள்.

இல்லையென்று தலையசைத்தான்.

"எப்போலேர்ந்து?"

அவன் வாசலில் கிடந்த செருப்பை எடுத்து மகளுடைய காலில் மாட்டிவிட்டான். பிறகு சொன்னான். "கல்யாணத்துக்கு முன்னாடியிலேர்ந்தே."

"அப்போ என் சமையல் வாசனை தெருமுனைக்கே வருதுன்னு தினம் சொன்னது?"

"சும்மா."

"அந்த எலுமிச்சம்பழம்?"

வயிற்றைப் புரட்டாமல் இருக்கக் கைப்பையில் எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டுதான் அவள் அந்தக் காலத்தில் அவனுடைய பேருந்தில் ஏறுவாள். ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் உட்காருவாள். எலுமிச்சை வாசனை வருதே, மெதுவாவே போறேங்க என்று ஒருநாள் அவன் சொன்னதுதான் முதல் பேச்சு. அதைச் சொல்லிச் சொல்லியே மகளை வளர்த்திருக்கிறாள்.

"பையில தெரிஞ்சுது. பார்த்துட்டுத்தான் சொன்னேன்."

மனைவி அவனையே பார்த்தாள். பிறகு மகளைக் கையில் பிடித்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டாள்.

பை அன்று இறுக மூடியிருந்தது.

அவனுக்கு வாசனை போனது நாலு மாதத்துக்கு முன்புதான்.

தங்கை கல்யாணத்துக்குப் போயே ஆகவேண்டும் என்று மனைவி காய்ச்சலை மாத்திரையில் அமுக்கிக்கொண்டு கிளம்பினாள். காரில் அவளுக்கு ஒரு பக்கம் அவன். மறுபக்கம் அவளுடைய அப்பா. இருவருக்கும் தொற்றியது. அப்பா பிழைக்கவில்லை.

'நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன்' என்று அவள் அழாத வாரம் இல்லை.

அழுது ஓயும்போது அவன் கையைப் பிடித்துக்கொள்வாள். "நீங்களாவது எனக்கு முழுசாத் திரும்பி வந்தீங்களே."