செர்ரி வைத்த கிளாஸ்

கார்க் படாரென்று வெடித்துக் கூரை விளக்கில் பட்டுக் கீழே விழுந்தது.

அப்போதுதான் உள்ளே நுழைந்த ஐந்து பெண்களும் திடுக்கிட்டு, பிறகு சிரித்துக் கைதட்டினார்கள்.

கைதட்டியவர்களுக்கு என்ன தெரியும்? நல்ல பார்காரன் கையில் பொங்கும் ஒயின் பாட்டில் சத்தமே இல்லாமல், ஒரு பெருமூச்சோடு திறக்க வேண்டும். வெடித்தால் பாதி நுரையாக வழிந்துவிடும். இந்த ஹோட்டல் பாரில் நிற்கிற சித்தப்பா கையில் இத்தனை வருஷத்தில் ஒரு கார்க் வெடித்ததில்லை.

வயசாகிவிட்டதா சித்தப்பா என்று கிண்டலடித்துவிட்டுப் போனாள் பரிமாறுகிறவள்.

அந்த ஹோட்டலில் சமையல்காரரிலிருந்து வாசல் காவலாளி வரை எல்லோருக்கும் அவர் சித்தப்பாதான். வேலை முடிந்து அறைக்குப் போனால் எப்படியும் கூப்பிட ஆள் கிடையாது. பேச்சுச் சத்தம் வேண்டுமென்று டிவியை அணைக்காமலே தூங்குகிற மனுஷன்.

கவுண்டர் மேல் வழிந்த ஒயினைத் துடைத்துக்கொண்டிருந்தபோது ஐவரில் ஒருத்தி எதிரே வந்து நின்றாள்.

ஞாயிற்றுக்கிழமை. காலைச் சாப்பாட்டுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் நடுவில் ரெண்டுங்கெட்டான் நேரம். அந்த நேரத்தில் வருகிறவர்கள் கேட்பது அநேகமாக ஒன்றுதான். பீச் பழக்கூழில் பொங்கும் ஒயினை ஊற்றி, கிளாஸ் விளிம்பில் அரை ஸ்ட்ராபெர்ரி சொருகித் தருவது.

அவளும் அதைத்தான் கேட்டாள். ஆனால் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். ஐந்து கிளாஸ் வேண்டும். தன்னுடையதில் மட்டும் ஒயின் கூடாது. பார்க்க மற்றதைப் போலவே இருக்க வேண்டும். தோழிகளுக்குத் தெரிந்தால் ஊரையே கூட்டிவிடுவார்களாம்.

"எங்க அம்மாவுக்கே இன்னும் சொல்லல, அங்கிள்."

இந்தத் தொழிலில் இது புதிதில்லை. ஒரு பெண் முழுகாமல் இருக்கிற சேதி, புருஷனுக்கு அடுத்தபடி, பல சமயம் பார்காரன் காதில்தான் விழுகிறது. சித்தப்பா இப்படி எத்தனையோ கிளாஸ் கலந்து கொடுத்திருக்கிறார், ஒரு தடவையும் குட்டு வெளிப்பட்டதில்லை.

வாழ்த்துச் சொல்ல வாயைத் திறந்தார். தலையை மட்டும் ஆட்டினார்.

கூச்ச சுபாவம் போலிருக்கிறது என்று நினைத்தாளோ என்னவோ, சிரித்துவிட்டுப் போனாள்.

நாலு கிளாஸில் முதலில் பழக்கூழைப் போட்டார். கிளாஸைச் சாய்த்துப் பிடித்து, ஓரமாக ஒயினை இறக்கினார். அவசரப்பட்டால் பொங்கி விளிம்பைத் தாண்டிவிடும்.

ஐந்தாவதுக்குப் புதிதாக ஒரு பீச்சை எடுத்து, தோலை உரித்து, தனியாக அரைத்தார். ஒயினுக்குப் பதில் சோடா. சோடாவுக்கு ஒயினின் மஞ்சள் வராது, அதனால் கொஞ்சம் ஆப்பிள் ஜூஸ். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். இன்னும் ரெண்டு சொட்டு விட்டார். மறுபடி தூக்கிப் பார்த்தார். கல்யாணப் பெண்ணுக்குப் பொட்டு வைக்கிற கவனம்.

ஸ்ட்ராபெர்ரியை நறுக்கி நாலு கிளாஸிலும் சொருகினார்.

ஐந்தாவதுக்குப் போன கை நின்றது. விரலைச் சோப்புப் போட்டுக் கழுவினார். வேறு கத்தி எடுத்து, ஒரு செர்ரியைக் கீறி, காம்போடு விளிம்பில் உட்கார வைத்தார்.

இதென்ன புதுசு என்று பரிமாறுகிறவள் கேட்டதற்கு, கிளாஸ் மாறாமல் இருக்க ஒரு அடையாளம் என்றார். ரெண்டும் சிவப்புதானே, தூரத்திலிருந்து யார் பார்க்கப்போகிறார்கள்.

ஐந்து கிளாஸும் மோதிக்கொண்டன. ஒருத்திக்கும் சந்தேகம் வரவில்லை. அவள் ஒரு வாய் குடித்துவிட்டு, மற்றவர்களைவிட அதிகமாகத் தலை சுற்றுவது போல் நடித்தாள்.

சித்தப்பாவுக்குச் சிரிப்பு வந்தது. பக்கத்தில் இருக்கிறவனைத் தட்டி, பார்த்தாயா என்று காட்ட வேண்டும் போலிருந்தது. பக்கத்தில் ஐஸ் பெட்டிதான் இருந்தது. இவ்வளவு சந்தோஷத்தைத் தனியாக வைத்துக்கொள்வது அவருக்கு வலித்தது.

பில்லுக்குப் பணம் கட்டிய பிறகு அவள் மறுபடியும் கவுண்டருக்கு வந்தாள். கையில் செர்ரிக் காம்பு.

"எனக்கு ஸ்ட்ராபெர்ரி ஆகாதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

போன முறை வந்தபோது பழத்தை எடுத்து ஓரமாக வைத்திருந்தீர்களே, அதைக் கவனித்தேன் என்றார் சித்தப்பா. வாடிக்கையாளர்களிடம் எப்போதும் எடுபடுகிற பதில்.

"நான் இந்த ஊருக்கு வர்றதே இதுதான் முதல் தடவை."

சித்தப்பா துணியை எடுத்து, ஏற்கெனவே காய்ந்திருந்த கிளாஸ் ஒன்றைத் துடைக்க ஆரம்பித்தார்.

நடக்கப் பழகிய வயதில் ஒரு ஸ்ட்ராபெர்ரியைத் தின்றுவிட்டு, உதடும் கண்ணும் வீங்கி மூச்சுத் திணறிய மகளைத் தோளில் போட்டுக்கொண்டு, செருப்புகூட இல்லாமல் டாக்டர் வீட்டுக்கு ஓடியவர் அவர்தான். அதற்கு அடுத்த வருஷம், தூங்குகிற குழந்தையை ஒருமுறை பார்த்துவிட்டு, பெண்டாட்டியோடு போட்ட சண்டையில் வீட்டை விட்டு இறங்கியவரும் அவர்தான். இன்று வாசலில் அந்தக் குழந்தையின் அம்மாவை உரித்து வைத்த முகம் ஒன்று நுழைந்தது. குழந்தையில் கட்டிலிலிருந்து விழுந்து பட்ட காயத்தின் தழும்பு புருவத்தில் அப்படியே இருந்தது. கார்க் கைவிட்டுப் போனது அப்போதுதான்.

வாசலில் தோழிகள் கூப்பிட்டார்கள்.

நீங்கள் போங்கள் என்று அவள் அங்கிருந்தே கையைக் காட்டினாள். பிறகு உயரமான ஸ்டூல் ஒன்றை இழுத்துப் போட்டு, அவருக்கு நேரெதிரே உட்கார்ந்தாள்.