ஆளில்லாத இடம்

வடதுருவப் பக்கம் ஸ்வால்பார்ட் பனிவெளியில் பனிச்சறுக்குக்காரர்களுக்கு வழிகாட்டப் போயிருக்கும் கரோலினா, தினமும் மாலையில் செய்மதிவழிப் பேசும் சற்றலைற் போனில் அழைப்பாள். ஒஸ்லோவின் ரொம்மன் பகுதி அடுக்குமாடியில் தனியே இருக்கும் அப்பா றெஜினோல்ட் முதல் மணியிலேயே எடுத்துவிடுவார்.

“சுகமா இருக்கிறியோ பிள்ளை?”

“ஓம் அப்பா. நீங்கள்?”

“எனக்கென்ன? ஆளில்லாத இடத்திலை நிக்கிறது நீயெல்லோ!”

ஒருநாள் குளித்துக்கொண்டிருந்ததில் மணிச் சத்தம் அவருக்குக் கேட்கவில்லை. சற்று நேரத்தில் யாரோ கதவைத் தட்டினார்கள். இத்தனை வருடமும் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போகும் எதிர்வீட்டு நோர்வேக்காரர் மூச்சிரைக்க நின்றார்.

“உங்கள் மகள் அழைத்தாள். நீங்கள் போன் எடுக்காத நாளில், உயிரோடு இருக்கிறீர்களா என்று நான் வந்து பார்ப்பதாக ஏற்பாடு.”

மறுநாள் மாலை போன் அடித்தது. றெஜினோல்ட் எடுக்கவில்லை. இரண்டு பேருக்குக் கோப்பி ஊற்றிவைத்துவிட்டு, கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.