புறப்படும் இடம்

ஸ்கூட்டரைத் தண்ணீர் அடிக்க உள்ளே தள்ளிக்கொண்டு போயிருந்தார்கள். கிருஷ்ணகிரி சர்வீஸ் சென்டரின் பிளாஸ்டிக் நாற்காலிகளில் அம்மாவும் மகளும் உட்கார்ந்திருந்தார்கள்.

மங்கம்மா கைப்பையிலிருந்து போனை எடுத்து மகளிடம் நீட்டினாள். அடுத்த மாதம் இதிலிருக்கும் காலண்டர் கிளம்பச் சொல்லும் நேரம் சரிப்படாது, கொஞ்சம் மாற்றிக் கொடு என்றாள்.

சுசித்ராவுக்கு உள்ளூரப் பெருமை. போன வருஷம் அந்தக் காலண்டரை அம்மாவுக்குப் பழக்கிவிட்டதே அவள்தான்.

மங்கம்மா இன்சூரன்ஸ் ஏஜென்ட். வேப்பனப்பள்ளி வீட்டிலிருந்து ஸ்கூட்டரில் கிளம்பி சூளகிரி, ஓசூர் வரைக்கும் போய் ஆட்களைப் பார்ப்பாள். ஃபேக்டரியில் ஷிப்ட் முடிந்து வெளியே வருகிறவர்களை வாசலிலேயே பிடித்தால்தான் உண்டு. கம்பெனி பஸ்ஸில் ஏறிவிட்டால் போச்சு. ஹைவேயில் பாலம் வேலை ஆரம்பித்த பிறகு எங்கே போனாலும் அவளுக்கு லேட்டானது.

அதனால்தான் போன வருஷம் சுசித்ரா காலண்டரில் ஒவ்வொரு சந்திப்புக்கும் பயண நேரத்தைச் சேர்த்தாள். புறப்படும் இடம் என்று கேட்ட கட்டத்தில் வேப்பனப்பள்ளி வீட்டைப் போட்டாள். ரோட்டின் நெரிசலைப் பார்த்து, இப்போது கிளம்பினால் சரியாக இருக்கும் என்று போனே சொல்லிவிடும். முதலில் மங்கம்மா சிரித்தாள். அப்புறம் அது சொல்லாமல் செருப்பை மாட்டுவதில்லை.

சுசித்ரா அடுத்த மாதத்தைத் திறந்தாள்.

பத்தாம் தேதி காலையில் ஒரு குறிப்பு இருந்தது. என்ன வேலை என்று எழுதவில்லை. போக வேண்டிய இடம் மட்டும் இருந்தது. சார்பதிவாளர் அலுவலகம், கிருஷ்ணகிரி.

அவள் விரல் நின்றது.

பத்திர ஆபீஸில் அம்மாவுக்கு என்ன வேலை? அவர்களுக்கு இருப்பது அந்த ஒரு வீடுதான். அப்பா கட்டியது. மாடி கட்டுவதற்குள் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். மொட்டை மாடிக்கு ஏறும் படிகளுக்கு இன்னும் கைப்பிடிகூட இல்லை.

வீட்டை விற்கப் போகிறாயா என்று கேட்டாள். குரல் உயர்ந்துவிட்டது. ஸ்பானரோடு குனிந்திருந்த மெக்கானிக் திரும்பிப் பார்த்தார்.

மங்கம்மா இல்லையென்று தலையை ஆட்டினாள். வீடு எங்கேயும் போகாது, சாவி இனிமேல் உன்னிடமே இருக்கட்டும் என்றாள்.

அதைக் கேட்டதும் சுசித்ராவுக்குப் பயம் இன்னும் கூடியது.

மெக்கானிக் வந்து பிரேக் தேய்ந்திருக்கிறது, மாற்றட்டுமா என்று தெலுங்கில் கேட்டார். மங்கம்மாவும் தெலுங்கிலேயே மாற்றச் சொன்னாள். அவர் நகரும்வரை காத்திருந்தாள். பிறகு மகளின் முகத்தைப் பார்க்காமல் போனையே பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"பத்தாம் தேதிக்கு மேல எல்லாத்துக்கும் கெளம்பற எடத்த குருபரப்பள்ளின்னு மாத்திடு கண்ணு. எடை மேடைக்குப் பின்னாடி இருக்கற வூடு."

எடை மேடை என்றால் ராஜப்பன். ஹைவே ஓரம் லாரிகளுக்கு எடை போடுகிறவர். மனைவி இறந்து பல வருஷமாகத் தனியாக இருக்கிறவர். ஒரு மழை நாளில் அம்மாவின் ஸ்கூட்டர் வழியில் நின்றுபோனபோது, மினி லாரியில் ஏற்றி வீடுவரை கொண்டுவந்து விட்டவர். அன்று அவருக்குக் காபி கொடுத்தது சுசித்ராதான். ஈரச் சட்டையோடு நாற்காலியில் உட்கார மாட்டேன் என்று வாசலில் நின்றபடியே குடித்துவிட்டுப் போனார்.

பத்திர ஆபீஸில் வீடும் நிலமும் மட்டும் பதிவாவதில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

அம்மாவுக்குக் கல்யாணம்.

மங்கம்மா கைப்பையின் ஜிப்பைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். செத்தால் வீட்டுக்கு எவ்வளவு வரும் என்று முன்பின் தெரியாதவர்களிடம் கூசாமல் பேசுகிறவள். பெற்ற மகளிடம் இதைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. நீ வரும் ஒவ்வொரு வாரமும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் நினைப்பேன், அதற்குள் உன் பஸ் வந்துவிடும் என்றாள்.

கோபம் வரும் என்று சுசித்ரா காத்திருந்தாள். வரவில்லை.

தான் தங்கியிருக்கும் ஓசூர் ஹாஸ்டலிலிருந்து சுசித்ரா தினமும் ராத்திரி போன் பண்ணும்போது, ஒரு ஆளுக்கு என்னத்தை ஆக்குவது என்பாள் அம்மா. காலையில் வடித்த சோற்றில் மோரை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டுப் படுப்பாள். இப்போது கொஞ்ச நாளாக அந்தப் பேச்சே இல்லை. இன்றைக்குக் களி கிளறினேன், கீரை கடைந்தேன் என்று அவளாகவே சொல்கிறாள். ஏன் என்று சுசித்ரா கேட்டதே இல்லை.

அவள் ஒவ்வொரு சந்திப்பாகத் திறந்து புறப்படும் இடத்தை மாற்றினாள். வேப்பனப்பள்ளியைவிட அங்கிருந்து ஓசூர் கிட்டத்தில்தான். அம்மா இனி நிதானமாகச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பலாம்.

போனைத் திருப்பிக் கொடுத்தபோது மங்கம்மா அதைக் கையில் வாங்காமலே பேசினாள்.

"சாட்சி போட அவரு பக்கம் ஆளு இருக்குது. எம் பக்கம் யாருமில்ல. நீ லீவு போடறியா?"

சுசித்ரா தன் போனை எடுத்துப் பத்தாம் தேதியில் பத்திர ஆபீஸைக் குறித்தாள். புறப்படும் இடத்தில் ஓசூர் ஹாஸ்டல் தானாகவே வந்து நின்றது. அதை அழித்துவிட்டு வேப்பனப்பள்ளி வீட்டைப் போட்டாள்.

மங்கம்மா எட்டிப் பார்த்தாள். ஓசூரிலிருந்துதான் நேராக பஸ் இருக்கிறதே, எதற்கு அவ்வளவு தூரம் சுற்றி வர வேண்டும் என்றாள்.

"மொத நாளே வந்துடறேம்மா," என்றாள் சுசித்ரா. "பொண்ண வீட்ல இருந்துதான கூட்டிட்டுப் போவணும்."